துயரம், நூற்றுக்கு நாலு

“நூற்றுக்கு நாலு!” என்றார் ஆடிட்டர் பரசுராமன். “வேலை போன மனுஷன் மாதிரியா இருக்கீங்க? கல்யாண மாப்பிள்ளைக்கே இதைவிடக் கூட வரும் சார்.”

நவிலனின் மணிக்கட்டில் துயர்மானிப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் அவன் மனைவி அமிழ்தா சிரிக்கவில்லை.

நவிலன் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு குடிநீர் நிறுவனத்தில் வசைகேட்பாளனாக இருந்தவன். புகார்களை இயந்திரங்களே தீர்த்துவிட்டன. ஆனால் திட்டுவதற்கு மட்டும் வாடிக்கையாளர்கள் உயிருள்ள ஆளைக் கேட்டார்கள். காலை முதல் மாலை வரை திட்டு வாங்குவதுதான் வேலை. இந்தக் கார்த்திகையில், திட்டினால் விம்மி விம்மி அழும் இயந்திரம் ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. நிறுவனம் பணிவிலக்குத் தொகையைக் கொடுத்து அவனை அனுப்பியது. அன்று அவன் குறட்டை விட்டுத் தூங்கினான்.

அதுதான் இப்போது சிக்கல். ஆறுதல் வரிச் சட்டம் சொல்வது இதுதான்: வேலை இழந்தவனுக்குத் தரும் பணம் இழப்பீடு, இழப்பீட்டுக்கு வரி கிடையாது. வருத்தமே இல்லாதவனுக்கு என்ன இழப்பு? அவனுக்கு அது லாபம். லாபத்தில் பாதி அரசுக்கு. துயரம் தொண்ணூறைத் தாண்டினால் முழு விலக்கு. முதலில் ஒரே நாள்தான் அளந்தார்கள். ஆட்கள் வெங்காயத்தோடு வர ஆரம்பித்ததும் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை போன சூட்டில் யாரும் அழுவார்கள். நிதியாண்டின் கடைசி மாதத்திலும் அழுகிறவனுக்குத்தான் நிஜமான இழப்பு. ஆகவே மார்ச் முடியும்வரை பட்டை கையில் பூட்டியே இருக்கும். மார்ச் மாதச் சராசரிதான் கணக்கு.

“இது சோதனைப் பட்டை. நாளைக்கு வரி ஆபீஸ்ல அசலைப் பூட்டிடுவாங்க” என்றார் பரசுராமன். “பாதி போச்சுன்னா உங்க ஆவடி வீட்டுக் கடனை அடைக்க முடியாது. வங்கிக்காரன் வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவான்.”

நவிலன் வண்டியை எடுக்க வெளியே போனதும் ஆடிட்டர் குரலைத் தாழ்த்தினார்.

“வழி இருக்கும்மா. அவருக்குத் தெரியக் கூடாது. பட்டை எவ்வளவு துக்கம்னுதான் பார்க்கும், எதுக்காகன்னு கேட்காது. சில பேர் மாமியாரை வரவழைச்சுப் பார்த்தாங்க. பத்து பாயிண்ட் ஏறுது, அவங்க ஊருக்குப் போனதும் இறங்கிடுது. நிலையா நிக்கணும்னா… அவருக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

அமிழ்தா முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்ப அதைத்தான் எடுக்கணும்” என்றார் பரசுராமன்.

அசல் பட்டை பூட்டிய அன்று மாலை நவிலன் சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தான்.

“இதுக்கெல்லாம் காசு எங்கேர்ந்து வருது?” என்றாள் அமிழ்தா.

“வெளியே திட்டு வாங்குறது முடிஞ்சுதேன்னு பார்த்தேன். நீ ஆரம்பிச்சிட்டியா?”

“உங்க சம்பளத்துக்காகத்தான் இத்தனை வருஷம் உங்களோட இருந்தேன். அதுவும் போச்சு. இனி உங்க மூஞ்சியில பார்க்க என்ன இருக்கு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதாள்.

இப்படியே ஒரு மாதம். பட்டை மட்டும் மஞ்சளைத் தாண்டவில்லை.

“பன்னிரண்டுதான் சார் வருது” என்றாள் ஆடிட்டரிடம் தொலைபேசியில்.

“நீங்க மனசு வச்சுச் சொல்லலைம்மா. அவர்கிட்ட நிஜமாவே உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது இருக்கும்ல? சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. அங்கேர்ந்து ஆரம்பிங்க.”

அமிழ்தா யோசித்தாள். அவன் சோற்றை மெல்லும் சத்தம். அதில் ஆரம்பித்தாள். அடுத்து அவன் தொண்டையைச் செருமுவது. அப்புறம் யார் எது சொன்னாலும் “சரிங்க, மன்னிச்சுக்குங்க” என்று வளைந்து நிற்கும் அந்த முதுகு. தேட ஆரம்பித்த பிறகு கிடைத்துக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்குள் பட்டை சிவந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். குழாயைத் திறந்துவிட வேண்டிய தேவையும் இப்போது இல்லை. மாசியில் ஒரு நாள், அவன் எதுவும் கேட்காதபோதும், அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் முதல் தேதி காலை பட்டையின் பூட்டு தானாகத் திறந்தது.

“சராசரித் துயரம் தொண்ணூற்று மூன்று. முழு வரிவிலக்கு. வாழ்த்துகள்” என்றது பட்டை.

அமிழ்தா ஓடி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். “அத்தனையும் நடிப்புங்க! வீடு நம்மளதுங்க இனிமே!”

வேலையில் இருந்தபோது கேட்டதைப் போலவே, குறுக்கே பேசாமல் அவன் கேட்டு முடித்தான்.

“பத்தொன்பது வருஷம் திட்டு வாங்கினவன் அமிழ்தா நான். குரலைக் கேட்டாலே தெரியும், யார் ஒப்புக்குத் திட்டுறாங்க, யார் மனசாரத் திட்டுறாங்கன்னு. கார்த்திகையில நீ நடிச்சே. வீட்டுக்காகத்தான் படுத்துறா பாவம்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. அதான் ஏறலை.”

“அப்புறம் எப்படி…”

“தை மாசம் நீ நடிக்கலை.”

 

நவிலன் கழன்ற பட்டையை எடுத்து, அவள் மணிக்கட்டில் மெல்ல மாட்டினான். எழுந்து நின்றான்.

“நான் போறேன்” என்றான்.

பட்டை சில நொடிகள் யோசித்தது. பிறகு பச்சையாக ஒளிர்ந்தது.

“துயரம் நான்கு. இழப்பு எதுவும் பதிவாகவில்லை.”