சத்தம் விழாத அறை

ஜெசிந்தா கண்ணாடிக் குப்பியை எஃகு மேசைமேல் வைத்தாள். சத்தம் வரவில்லை. எடுத்து, இந்த முறை கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். அப்போதும் இல்லை.

குப்பிக்குள் நிலாவின் மேலோட்டிலிருந்து வந்த கல்துணுக்கு, மிளகளவு. திருவிடந்தைக் கடலோரத்து ஆய்வுக்கூடத்தில் அந்தத் துணுக்குகளைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயது சொல்வது அவள் வேலை. நானூற்று நாற்பது கோடி ஆண்டு என்று வந்தது. தலைவர் சுப்புராமன் ஒப்பவில்லை. வெளி ஈயம் கலந்துவிட்டது என்றவர், முந்தின நாள் எல்லார் முன்னாலும் அவள் தலைமுடியைச் சுட்டிக் காட்டினார்.

"சேரிப் புழுதிய இங்க கொண்டாந்துட்டியேம்மா."

குளித்து, மாற்றுத்துணி உடுத்தித்தான் உள்ளே போகிறேன் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்த எரிச்சல் இன்னும் நெஞ்சில் கனன்றுகொண்டிருக்க, காற்றுக்குழாயின் இரைச்சல் தேய்ந்து, சன்னலுக்கு வெளியே கட்டுமரங்களைத் தாண்டி உடையும் அலையின் ஓசையும் தேய்ந்து, நிலாத்தூசிக்கே உரிய, வெடித்த பட்டாசின் கருகல் நெடி மட்டும் அறையில் தங்கியது.

தரை துடைக்க வந்த துப்புரவுப் பெண் வேண்டா வாசலிலேயே நின்றாள்.

"இந்த ரூம்ல பக்கெட்ட வெச்சாகூட சத்தம் வர்லக்கா. காது அடைக்குது. நான் உள்ள வர்ல."

ஜெசிந்தா வெளியே வந்து, அறையில் சத்தமே எழவில்லை என்று சுப்புராமனிடம் சொன்னாள். சுத்தமான கை பட்டால் எல்லாம் சரியாகும் என்று சிரித்துவிட்டு, கடைசித் துணுக்கைத் தானே பொடிக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உச்சி வெயில். கதவுக் கண்ணாடி வழியே அவள் பார்த்தாள். சிறு உலக்கையால் துணுக்கை இடித்தார். எழும்பிய தூசி மிதக்கவில்லை. உள்ளே காற்றே இல்லாததுபோல, மணலாக நேரே விழுந்தது.

குவளைத் தண்ணீர் கொதித்தது. அடியில் நெருப்பில்லை.

அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு ஓடி வந்தார்.

ஜெசிந்தா கைகட்டி நின்றாள். ஒரு மூச்சு நேரம். அந்த வார்த்தைக்காக.

பிறகு இழுத்தாள். கதவு வரவில்லை. வேண்டாவும் சேர்ந்து இழுத்தாள். வரவில்லை.

அவர் விழவில்லை.

கண்கள் வெளுத்துவிட்டன. நாக்கில் எச்சில் நுரைத்துக் கொதித்தது. அவருக்குப் பின்னால் சன்னலில் கடல் இல்லை. சாம்பல் தரை. கன்னங்கரிய வானம். அதில் சூரியன்.

விரல் மெல்ல உயர்ந்து அவள் தலைமுடியைக் காட்டியது. வாய் அசைந்தது. நிற்காமல் அசைந்தது. சத்தமில்லாவிட்டாலும் அவளால் படிக்க முடிந்தது.

அதே வார்த்தை.