டாங் டெஸ்டர் காட்டிய இரண்டு

காலை 6.40. சிதம்பரம், புவனகிரி சாலையோரத் தெரு. கொல்லைப்புறத்தில் போர் மோட்டாரின் இரும்புக் குழாயைப் பிடித்தபடியே கலியமூர்த்தி செத்துக் கிடந்தார். மோட்டார் சுவிட்சைப் போட்டவள் அவர் மனைவி இளவரசி.

"வேணும்னேதான் போட்டா. எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படிச்சவளாச்சே!" மாமியார் தைலம்மாள் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். முந்தின நாள் புருஷன் பெண்டாட்டி போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீமதி சுவிட்ச் பெட்டியைத் திறந்தாள். மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற டிரிப்பரைத் தாண்டி, ஒயர்கள் நேராக மோட்டாருக்குப் போயிருந்தன. யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள்.

"மோட்டாரைக் கடைசியா பாத்தது யாரு?"

"நான்தான் மேடம்." இளவரசியின் அண்ணன் ராஜவேல், மோட்டார் மெக்கானிக். "நேத்து சாயங்காலம் வந்தேன். டிரிப்பர் வழியாதான் ஓட வுட்டேன். ரெண்டே ஆம்ப்ஸ், அவ்ளோ லேசா ஓடுச்சு. மச்சானுக்கு போட்டோகூட அனுப்பிச்சேன்."

"அப்புறம் டைரக்ட் குடுத்தது யாரு?"

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது மேடம்."

கூடப்பிறந்தவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தை போதும், அவளை ஜெயிலுக்கு அனுப்ப.

செத்தவரின் போனில் படம் இருந்தது. சிவப்பு, கறுப்பு இரண்டு ஒயரையும் டாங் டெஸ்டர், ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் இடுக்கி மீட்டர், சேர்த்துக் கவ்வியிருந்தது. திரையில் 2.0.

ஸ்ரீமதி ராஜவேலை அவன் டெஸ்டரோடு பக்கத்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அதே மாதிரி கவ்வு."

சைபர்.

"ஒரு ஒயரை மட்டும்."

ஏழு.

ஸ்ரீமதி போனில் இருந்த படத்தை ராஜவேல் முன்னால் நீட்டினாள்.

"போற கரண்டைச் சுத்தியும் காந்தம் உண்டு, திரும்புற கரண்டைச் சுத்தியும் உண்டு. ரெண்டும் எதிரெதிர். சேத்துக் கவ்வினா ஒண்ணையொண்ணு அழிச்சிடும், சைபர்தான் வரணும். உன் படத்துல ரெண்டு. அந்த ரெண்டு ஆம்ப்ஸும் திரும்பி வரல. குழாய் வழியா மண்ணுக்குப் போயிருக்கு. இவ்ளோ லீக்ல டிரிப்பர் உடனே விழுந்திருக்கும். விழாம மோட்டார் ஓடுச்சுன்னா, அப்பவே அது டைரக்ட். குடுத்தது நீ."

"அடிக்கடி விழுதுன்னு மச்சான் சத்தம் போட்டாரு மேடம்... எல்லா மெக்கானிக்கும் செய்யறதுதான்..."

பின்னாலேயே வந்து நின்றிருந்த இளவரசி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"டிரிப்பர்ல கை வெச்சியான்னு நேத்து கேட்டனே, அண்ணே. இல்லன்னு சொன்னியே. அத நம்பித்தானே நான் சுவிட்ச் போட்டேன்."