உள்ளேயிருந்து கட்டிய சுவர்

முதல் செங்கல்லை உருவியதும் ரசமட்டம் தன் கையை ஓட்டைக்குள் விட்டு மறுபக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார்.

அருங்காட்சியகத்தின் கொத்தனார் அவர். கோணல் என்றால் ஆகாது. பிறந்த அன்றே தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அழுதவர் என்பதால் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே பட்டப்பெயர் ஆனது. அவர் பேச்சு நின்று யாரும் பார்த்ததில்லை. பல் பிடுங்கும்போதுகூட நாற்காலியின் சாய்வைப் பற்றி டாக்டருக்கு யோசனை சொன்னவர். அந்த மனிதர் இப்போது தோள்வரை கையைச் சுவருக்குள் விட்டபடி, கன்றை இழுத்துப்போட வந்த மாட்டு டாக்டர் மாதிரி ஆடாமல் நின்றார்.

"என்னண்ணே?" என்றாள் அவள், அவரை அடித்தளத்துக்கு அழைத்து வந்த அருங்காட்சியக ஊழியை.

"இந்தப் பக்கம் பாருங்கம்மா. சாந்து பிதுங்கிக் கெட்டியாகி, குடிகாரன் கட்டின மாதிரி இருக்கு. உள்பக்கம் வழவழன்னு இழுத்து விட்டிருக்கான்."

"அதனால?"

"கட்டறவன் நிக்கிற பக்கம்தாம்மா சுத்தமா இருக்கும்."

அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி. அந்த ஊசியை அவளுக்கு ஆறு வயதில் யாரோ போட்டார்கள். இப்போது வயது ஐம்பத்திரண்டு. மரப்பு இன்னும் இறங்கவில்லை.

ஆறு வயதில்தான் போர் வந்தது. அப்பா இதே அருங்காட்சியகத்தில் காப்பாளர். எதிரிப் படை நகருக்குள் நுழைந்த வாரம் எல்லா ஓவியங்களையும் லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். லாரிக்குள் அடங்காதது ஒன்றுதான்: ஆற்றங்கரையில் துணி உலர்த்தும் பதினொரு பெண்கள். பன்னிரண்டு அடி அகலம். ஊர் வாயில் விழுந்து வளர்ந்து அது பிறகு கப்பலளவு ஆனது. அந்த ஓவியமும் அப்பாவும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். எதிரிக்கு விற்றுவிட்டு ஓடிவிட்டார் என்றது பத்திரிகை. திருடன் பெண்டாட்டி, திருடன் மகள் என்றது தெரு.

அவள் அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு ஓவியத்துக்கும் எங்கே விரிசல், எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது, எங்கே ஈரம் என்று நிலைக் குறிப்பு எழுதும் வேலை. இருபத்தெட்டு வருடம் எழுதினாள். போன வாரம், பழைய வரைபடத்தோடு அடித்தளத்தை அளந்து பார்த்தபோது அறையில் ஐந்தடி குறைந்தது. அனுமதிக் கடிதத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் இன்னொரு போர் வந்து போயிருக்கும். விடுமுறை நாளாகப் பார்த்து அவளே கொத்தனாரை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

காத்திருக்க நேரமில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலையில்கூட மூக்கில் குழாயோடு கேட்டாள்:

"போய் அளந்தியே, என்னடி ஆச்சு?"

"இன்னைக்கு உடைக்கிறோம்மா."

"உங்கப்பா ஒரு குண்டூசி எடுத்தாக்கூட ரசீது எழுதி வச்சுட்டு வர்ற மனுஷன். எங்கேயாவது எழுதி வச்சிருப்பாரு. அதைக் கொண்டாந்து காட்டு. பார்த்துட்டுப் போயிடறேன்."

ஓர் ஆள் நுழையுமளவு ஓட்டை போட அரை மணி நேரம் பிடித்தது. அவள் போன் விளக்கோடு உள்ளே குனிந்தாள். நாற்பத்தாறு வருடக் காற்று. அதில் புழுக்கமோ எலி நாற்றமோ இல்லை. கூட்டிப் பெருக்கிய அறையின் வாசனை. பழைய மரக்கட்டையும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து, இப்போதுதான் யாரோ கை கழுவிவிட்டு எழுந்து போனதுபோல ஓர் ஈர மணம். மடித்த கம்பளி ஒன்று. கழுவிக் கவிழ்த்த தகரக் குவளை. துடைத்து வைத்த சாந்துக் கரண்டி. வேறு வாசல் இல்லை, சன்னல் இல்லை, எலும்பும் இல்லை. எதிரே, முகத்தைச் சுவருக்குத் திருப்பி, பன்னிரண்டு அடிச் சட்டம்.

"கிடைச்சிடுச்சாம்மா?" பின்னாலேயே ரசமட்டம் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! இதைத் திருடணும்னா யானை வேணுமே. எந்த மடையன் சொன்னான் திருடினாருன்னு?"

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது. அழவும் செய்யலாம். கன்னம் மரத்தே இருந்தது.

"பெரிய விளக்கு எடுத்தாறேன். ஒண்ணையும் தொடாதீங்க" என்று அவர் வெளியே போனார்.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள். சாம்பல் நிறம் என்று நினைத்தது பூச்சு அல்ல. எழுத்து. தரையிலிருந்து கூரைவரை, கூரையிலும், எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்து. அதைக் கோத்து நீட்டினால் நகரத்தை ஏழு சுற்றுச் சுற்றும். எழுதியது அப்பா. நாக்கில் நனைத்தால் ஊதாவாகும் பழைய பென்சிலில்தான் எழுதுவார். சாயங்காலம் வீடு வரும்போது நாக்கே ஊதாவாக இருக்கும்.

ஒன்பதாம் நாள். ஓவியம் நலம். தண்ணீர் தீர்ந்தது. காப்பாளர்: மேல்பரப்பில் வெடிப்பு.

பதினாறாம் நாள். ஓவியம் நலம். காப்பாளர்: பல இடங்களில் உதிர்வு. சீர்செய்ய இயலாது.

பதினேழாம் நாள். ஓவியம் நலம்.

பதினெட்டாம் நாள். ஓவியம் நலம்.

அதற்குப் பிறகு காப்பாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓவியம் மட்டும் நலமாக இருந்தது. நூறாம் நாள். ஆயிரமாம் நாள். அதே கையெழுத்து, அதே சாய்வு. விளக்கை நகர்த்திக்கொண்டே போனாள். பத்தாயிரம். வலது மூலையில், கண் உயரத்தில், முடிவு.

பதினாறாயிரத்து எண்ணூற்று நான்காம் நாள். ஓவியம் நலம். மூன்று மணிக்குச் சுவரில் துளை. வந்தவர்கள் இருவர்.

மூன்று நாற்பது. கொத்தனார் வெளியே சென்றார். நிலை: நலம்.

மூன்று ஐம்பத்திரண்டு. கொத்தனார்: கழுத்தில் விரிசல். தரையில் கிடத்தப்பட்டுள்ளது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பத்தாறு.

வெளியே வயர் இழுபடும் சத்தம். ரசமட்டம் ஏணியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! எல்லாத்தையும் போட்டுட்டு மேலே போயிடுங்க!"

"ஏம்மா, பாம்பா?"

"இல்ல. போங்கண்ணே!"

"பாம்புன்னா சொல்லிடுங்க, இங்கேயே ராஜினாமா எழுதித் தந்துடறேன். இந்த ஏணி வேற ஒரு காலு குட்டை..."

அவளும் போயிருக்கலாம். ஓட்டை நான்கடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் முதல் நாள் குறிப்பு வேண்டும். ஓவியத்தை ஏன் மறைத்தேன், யார் உத்தரவு என்று அப்பா கையெழுத்திட்டிருந்தால் அது அங்கேதான் இருக்கும். போனில் ஒரே ஒரு படம். அதை அம்மாவின் மூக்குக் குழாய்க்கு மேலே பிடித்துக் காட்ட வேண்டும்.

இடது மூலையில், தரையோடு தரையாக இருந்தது. முழங்காலிட்டாள்.

முதல் நாள். மேலிட உத்தரவுப்படி ஓவியத்துடன் உள்ளே இருக்கிறேன். பொறுப்பு என்னுடையது. கையெழுத்து. அருங்காட்சியக முத்திரை.

படம் எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள்.

வெளியே ஏணி சரிந்தது.

"அண்ணே?"

வயர் இழுபடவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டு.

எழ வேண்டும். கால்கள் தரையில் இருந்தன. யாருடைய கால்களோ.

தலைக்கு மேலே கரகரவென்று ஒரு சத்தம். சுவரில் ஏதோ உரசியது. நின்றது. உரசியது.

விளக்கை உயர்த்தினாள். முதல் நாளுக்கு மேலே, எழுத்துகளுக்கிடையே ஒரு விரல் அகல இடம். அதில் புதிய வரி. ஊதா. ஈரம்.

மகள். ஐம்பத்திரண்டு வயது. முழங்காலிட்ட நிலை. முகத்தில் உணர்ச்சி இல்லை. மற்றபடி இதுவரை

வரி அங்கே நின்றது. அதன் முனையில் சிறிய பென்சில் ஒன்று, பிடிப்பாரில்லாமல், சுவரை விட்டு விலகி மெல்ல மேலே போனது. ஓர் ஆள் உயரத்துக்கு. அங்கே இருட்டில், முகமில்லாத இடத்தில், ஊதா நிற நாக்கு ஒன்று நீண்டு அதன் நுனியை நனைத்துக்கொண்டிருந்தது.