கிணற்றில் விழுந்தால் அவுட்

தெல்கஸ்வெல பள்ளிக்கூடத்தில் முன்பு ஒரு பூதம் இருந்தது. அதன் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அது விசில் ஊதினால் மூன்று ஊர் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் பஸ்கூட நின்றுவிடும்.

அந்தப் பூதம் நான்தான். உடற்கல்வி ஆசிரியர் குணதிலக. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விசில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நான் சொல்லும் எதிலும் உப்புக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் உத்பலாவின் கதைக்கு உப்பு தேவையே இல்லை. சும்மா ஒரு சிட்டிகை போட்டுச் சொல்கிறேன்.

உத்பலா ஏழாம் வகுப்பு. எங்கள் எல்லே அணியின் தலைவி. மூங்கில் கம்பால் பந்தை அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், அதுதான் எல்லே. நடுவில் நின்று மூச்சுவிட நிறுத்தங்கள் உண்டு. நிறுத்தத்துக்கு வெளியே ஓடும்போது எதிரணி எறிந்த பந்து மேலே பட்டால் அவுட். உத்பலா அடித்த பந்து மேலே போய்க் கீழே வருவதற்குள் நான் ஒரு தேநீர் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடுவேன்.

போன வருடம் எங்கள் மைதானத்திலேயே நடந்த வலயப் போட்டியில் அரை ஓட்டத்தில் தோற்றுப் போனோம். அரை ஓட்டம்! அன்றிலிருந்து உத்பலா இந்த வருடப் போட்டிக்காகக் காத்திருந்தாள். காலண்டரில் அந்தச் சனிக்கிழமையைச் சிவப்புப் பேனாவால் அவள் அழுத்தி வட்டம் போட்டதில், அதற்கடுத்த நான்கு மாதங்களும் ஓட்டையாகிவிட்டன.

அப்போதுதான் தவணைப் பரீட்சை வந்தது. உடற்கல்விக்கும் எழுத்துத் தாள். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில்.

எங்கள் பிரின்சிபல் மிஸ் கண்டிப்பானவர். "விளையாட்டுப் பிள்ளைங்க விளையாட்டுப் பாடத்துலயே ஃபெயிலானா எப்படி? பன்னிரண்டு மார்க் இல்லாதவங்க சனிக்கிழமை பஸ்ல ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை தாள்களோடு வகுப்புக்குள் நுழைந்தேன். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எங்களுக்கு ஒரே அறை, ஒரே தாள்.

"திசரி, உடம்பைச் சூடாக்கும் பயிற்சி எதற்குன்னு கேள்வி. நீ என்ன எழுதியிருக்கே?"

திசரி எழுந்தாள். "செய்யாவிட்டால் சேர் கத்துவார்."

"மல்கி, சுளுக்குக்கு முதலுதவி?"

"உடனே வைத்தியர் வீட்டுக்கு ஓட வேண்டும், சேர்."

"சுளுக்கின காலோடயா ஓடுவே?"

"நொண்டி நொண்டி ஓடுவேன், சேர்."

ஏழாவது கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. 'எல்லேயில் அடிப்பவர் ஆட்டமிழக்கும் சந்தர்ப்பம் ஒன்றைத் தருக.' அணி முழுவதும் ஒரே பதிலை எழுதியிருந்தது: 'பந்து விஹாரைக் கிணற்றில் விழுந்தால்.'

எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கிழக்கே விஹாரையின் கிணறு. மேற்கே பலா மரம். வடக்கே சிரிபால முதலாளியின் தயிர்க்கடை. தெற்கே அவருடைய எருமை. பந்து கிணற்றில் விழுந்தால் அவுட். அதோடு விஹாரையின் பிக்குவான ஹாமுதுருவின் தொட்டியில் பத்து வாளி தண்ணீரும் நிரப்ப வேண்டும். பலா மரத்தில் சிக்கினால் அரை ஓட்டம். எருமைமேல் பட்டால், எருமையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் அடிக்கலாம். தயிர்ச் சட்டியில் விழுந்தால் இரண்டு அணிகளும் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். இந்தச் சட்டங்களில் பாதியை உருவாக்கியவளே உத்பலாதான்.

"இது அநியாயம், சேர்!" உத்பலா எழுந்தாள். "போன மாசம் நான் அடிச்ச பந்து கிணத்துல விழுந்துச்சு. நீங்கதானே விரலைத் தூக்கினீங்க?"

"அது வந்து… நம்ம மைதானத்துல."

"நாங்க வேற எங்க சேர் விளையாடுறோம்?"

மாட்டிக்கொண்டால் நான் விசில் ஊதுவேன். ஊதினேன்.

"யாருமே பாஸ் இல்லையா, சேர்?" மல்கி கேட்டாள்.

"ஒருத்தி இருக்கா. பியூமி. இருபதுக்கு இருபது."

ஆறாம் வகுப்புப் பியூமி எங்கள் அணிக்குப் புள்ளி எழுதுகிறவள். மூங்கில் கம்பை அதுவரை தொட்டதுகூட இல்லை.

"சரியாப் போச்சு!" என்றாள் திசரி. "சனிக்கிழமை பஸ்ல பியூமி தனியாப் போய், நம்ம எல்லார் பேருக்கும் நேரா சைபர்னு எழுதிட்டு வருவா."

வகுப்பே சிரித்தது. பியூமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அழுக்கே இல்லாத கண்ணாடி அது.

உத்பலா மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் பிரின்சிபல் மிஸ்ஸின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"மிஸ், எங்களுக்கு இன்னொரு தாள் குடுங்க. வெள்ளிக்கிழமை எழுதுறோம்."

"நாலு நாள்ல என்ன மாறிடப் போகுது?"

"நாங்க மாறிடுவோம், மிஸ்."

மிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி. ஆனா பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. பதினொண்ணரையோட வந்து தலையைச் சொறியக்கூடாது."

செவ்வாய்க்கிழமை எல்லோரும் பலா மரத்தடியில் உட்கார்ந்து படித்தார்கள். பியூமி புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசிப்பாள். மற்றவர்கள் சேர்ந்து கத்துவார்கள். மழைக்காலத்துத் தவளைகள் இவர்களிடம் வந்து பாடம் கேட்டிருக்கலாம். அவ்வளவு சத்தம்.

பத்து நிமிடம் கழித்துப் பியூமி கேட்டாள். "மல்கி அக்கா, அடிப்பவர் எப்போ அவுட்?"

"கிணத்துல…"

"ஐயோ!"

திசரி புல்லைப் பிடுங்கி எறிந்தாள். "ஏய் பியூமி, இந்தப் புத்தகத்தை எழுதினவங்க ஊர்ல கிணறே இல்லையா? எருமையும் இல்லையா?"

பியூமி பக்கத்தைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க அக்கா. மரம்கூட இல்ல. வெறும் தரை, நாலு கொடி. அவ்வளவுதான்."

"பாவம், எப்படித்தான் விளையாடுறாங்களோ!"

உத்பலா அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள்.

"நாம தப்பா எழுதல. வேற மைதானத்தைப் பத்தி எழுதிட்டோம். இந்தப் புத்தகத்து மைதானத்துல நாம ஒரு நாளும் விளையாடினதே இல்ல. அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும்? திசரி, உங்கப்பா வயல்ல அறுவடை முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சு வைக்கோலும் ஏத்தியாச்சு."

"மரம் இருக்கா?"

"ஒரு செடிகூட இல்ல."

"வாங்க போகலாம்! பியூமி, நீதான் நடுவர்."

"நானா? எனக்கு விசில் ஊதக்கூடத் தெரியாதே அக்கா!"

"புத்தகம் தெரியும்ல? அது போதும்."

அவர்கள் வயலில் விளையாடியதை நான் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன். ஆசிரியர் ஒளியலாமா என்று கேட்காதீர்கள். என் தலையில் வைக்கோல் இருந்தது. ஒரு மாடு என்னை முக்கால்வாசி தின்றுவிட்டது.

உத்பலா அங்கே ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள். அவுட் ஆனவர் ஏன் அவுட் என்பதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலோ, நடுவில் மூச்சு வாங்கினாலோ, வயலை ஒரு சுற்று ஓட வேண்டும்.

மல்கி முதல் அவுட். "அது என்னன்னா, நான் ஓடிட்டு இருந்தேனா, அப்ப சந்தமாலி பின்னாடியிருந்து…"

"ஓடு!" எல்லோரும் கத்தினார்கள்.

அடுத்தது திசரி. "நிறுத்தத்துக்கு வெளிய, பந்து பட்டது!"

பியூமி புத்தகத்தைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. "சரி! அப்படியேதான் இருக்கு!"

"அடிச்ச பந்தைப் பிடிச்சுட்டாங்க!" "மூணு வாய்ப்பும் போச்சு!" என்று பதில்கள் பந்து மாதிரிப் பறந்தன. மல்கி சுளுக்கு வந்தவள் போல விழுந்தாள். மூன்று பேர் ஓடிவந்து, "ஓய்வு! பனிக்கட்டி! கட்டு! காலைத் தூக்கி வை!" என்று கத்திக்கொண்டே அவள் காலைத் தூக்கிய தூக்கில் அவளுக்கு உண்மையாகவே சுளுக்கியிருக்கும்.

அப்போது தூரத்தில் விஹாரையின் மணி அடித்தது.

ஓடிக்கொண்டிருந்த உத்பலா ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். அவளை நோக்கிப் பந்தை ஓங்கிய திசரியும் ஓங்கிய கையோடு நின்றாள். எல்லோரும் சிலையானார்கள்.

"புத்தகத்துல இது இல்லையே அக்கா" என்று கிசுகிசுத்தாள் பியூமி.

"இல்லாட்டி இல்ல. மணி ஓயுற வரைக்கும் அசையக்கூடாதுல்ல?" உத்பலா உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

மணி ஓய்ந்தது. உத்பலா ஓடினாள். திசரி எறிந்தாள். படவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் உத்பலா மூங்கில் கம்பைப் பியூமியிடம் நீட்டினாள். "இந்தா, உன் முறை."

"நான் புள்ளி எழுதுறவ…"

"மூணு வாய்ப்புன்னு சரியா எழுதினது நீ மட்டும்தானே? அந்த மூணையும் இன்னிக்கு எடுத்துக்க."

முதல் பந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்று இவ்வளவு சின்ன எண் என்று பியூமிக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது பந்தில் 'டப்' என்று ஒரு சத்தம். பந்து நாலு சாண் தூரம் போயிருக்கும். ஆனால் பியூமி ஓடிய ஓட்டத்தில் அவள் செருப்பு இரண்டும் பின்னால்தான் வந்து சேர்ந்தன. முதலில் கைதட்டியவள் திசரி.

புதனும் வியாழனும் அதே வயல், அதே விளையாட்டு. சின்னவர்களுக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்ததில் உத்பலாவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரின்சிபல் மிஸ் கரும்பலகையில் நேரத்தை எழுதினார். நான் தாள்களைக் கொடுத்தேன். வகுப்பில் பேனாக்கள் ஓடின. மேசைக்கு அடியில் கால்களும் ஓடின. ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே ஓடிப் பார்த்தார்கள். மேசைகள் ஆடியதில் சுவரிலிருந்த உலக வரைபடம் சாய்ந்து, இலங்கை தரைக்கு வந்துவிட்டது.

உத்பலாவின் நெற்றி வேர்த்திருந்தது. அவளுக்குத்தான் எல்லோரையும்விடக் கஷ்டம். ஒவ்வொரு பதிலுக்கும் கிணறும் எருமையும் முன்னால் வந்து நின்றன. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

கடைசிக் கேள்விக்கு வந்தாள். 'விளையாட்டு வீரரின் நற்பண்புக்கு உதாரணம் ஒன்றை ஒரே வரியில் தருக.' புத்தகத்தில் என்னவோ இருந்தது. என்ன அது? பேனா நின்றுவிட்டது. ஐந்து நிமிடம்தான் மீதி.

அப்போது தான மணி அடித்தது. ஹாமுதுருமாரின் மதிய உணவுக்கான மணி.

வகுப்பு முழுவதும் பேனாக்கள் அந்தரத்தில் நின்றன. ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. கரும்பலகையில் 'இன்னும் ஐந்து' என்று எழுதப்போன பிரின்சிபல் மிஸ்ஸின் சுண்ணாம்புக்கட்டியும், 'இன்னு' என்பதோடு நின்றது. அதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

உத்பலா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி எல்லோரையும் பார்த்தாள். மணி ஓய்ந்ததும் ஒரு வரி எழுதினாள். தாளை மடித்தாள். எழுந்தாள்.

மாலையில் தாள்களைத் திருத்தினேன். பிரின்சிபல் மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிச் சொன்னார். சுவரில் வெட்டிய சின்ன ஜன்னலுக்கு வெளியே ஒரு டஜன் மூக்குகள் அழுந்தியிருந்தன.

"திசரி பதினாலு. மல்கி பதின்மூணு. சந்தமாலி பதினாறு." ஒவ்வொரு பெயருக்கும் வெளியே ஒரு கூச்சல்.

கடைசியில் உத்பலாவின் தாள். பத்தொன்பது கேள்விகள் முடிந்தபோது அவளுடைய மார்க் பதினொன்று. ஜன்னலில் மூக்குகள் இன்னும் அழுந்தின.

இருபதாவது பதிலை உரக்க வாசித்தேன். 'விஹாரை மணி அடித்தால் ஓடுகிறவள் நடுவழியில் நிற்பாள்; பந்து கையில் இருப்பவள் எறிய மாட்டாள்.'

என் விடைப் பட்டியலில் 'நடுவர் தீர்ப்பை மதித்தல்' என்று இருந்தது. சிவப்புப் பேனாவைத் தூக்கிவிட்டேன். இறக்கத் தெரியவில்லை.

"இதுவும் ஊர்ச் சட்டம்தானே?" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ். ஆனா கேள்வி உதாரணம் கேக்குது. பந்து கையில, எதிராளி முன்னால, அதுவும் நிறுத்தத்துக்கு வெளிய. எறிஞ்சா அவுட். இருபத்தெட்டு வருஷமா இங்க இருக்கேன், ஒரு பிள்ளைகூட எறிஞ்சதில்ல. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல."

மிஸ் தாளை வாங்கி, அந்த வரியை மறுபடி வாசித்தார்.

"ஒரு தடவை பெரஹரா ஊர்வல நாள்ல மணி ஓயவே இல்ல" என்றார் மெதுவாக. "ஒத்தைக் கால்ல நின்னு நின்னு எனக்குக் கால் மரத்துப்போச்சு. பந்து வச்சிருந்தது என் சொந்த அக்கா. அப்பவும் அவ எறியல."

"மிஸ்! நீங்க எல்லே விளையாடினீங்களா?"

"ஏன், நான் பிறக்கும்போதே பிரின்சிபலாவா பிறந்தேன்? போடுங்க சேர், சரி."

போட்டேன். அந்தச் சரி அடையாளம் தாளைத் தாண்டி, மேசையைத் தாண்டி, என் சட்டைக் கைவரை போய்விட்டது. பன்னிரண்டு! ஜன்னலில் அழுந்தியிருந்த மூக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வானத்துக்குக் குதித்தன.

சனிக்கிழமை பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். பியூமி ஒரு கையில் புள்ளிப் புத்தகத்தோடும், மறு கையில் உத்பலாவின் மூங்கில் கம்போடும் ஏறினாள்.

போட்டி மைதானம் வெறும் தரை. நாலு கொடி. உத்பலா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பியூமியின் காதில் கேட்டாள்.

"கிணறு?"

"இல்ல அக்கா."

"எருமை?"

"அதுவும் இல்ல."

உத்பலா கம்பை ஓங்கினாள். பந்து போன வழியில் இரண்டு காகங்கள் ஒதுங்கின. ஒரு விமானம் திரும்பிப் பறந்தது. அது எங்கே போய் விழுந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கே விழுந்தாலும் அன்றைக்கு அவுட் இல்லை.