கன்னத்து ஸ்லைடு

அந்த ஒன்பது செல்களும் அங்கே இருந்திருக்கக் கூடாது.

சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, தினமும் அவள் தன் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவி, நோயாளிகளின் ஸ்லைடுகளோடு சேர்த்துச் சாயத்தில் முக்குவாள். இருபத்திரண்டு வருஷமாக அதே கன்னம். உன் முகம் மறந்தாலும் கன்னம் மறக்காது என்று டாக்டர் கேலி செய்வார். இன்று அந்த ஸ்லைடில், ஸ்பிரிட் வாடையும் மின்விசிறியின் முனகலும் நிறைந்த ஆஸ்பத்திரியின் அடித்தளப் பரிசோதனை அறையில், கருத்துப் பெருத்த உட்கருக்களோடு ஒன்பது செல்கள் நெருக்கியடித்து நின்றன. புற்று.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தே இருந்ததில் கழுத்து வலித்தது. யாருடையதோ சாயத்தில் கழன்று வந்து ஒட்டியிருக்கும், இந்த வேலையில் அது சகஜம்தான். அடுத்த ஸ்லைடை வைத்தாள். அவள் கணவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்து, நேற்று ஊசி போட்டு எடுத்த நீர். டாக்டரிடம் கெஞ்சி வாங்கி வந்தது.

அதே கொத்து. அதே ஒன்பது.

ஒரு ஸ்லைடிலிருந்து மற்றதற்குக் கழன்று போயிருக்கிறது. எது எங்கிருந்து? அழக்கூடத் தெம்பில்லை. "அவரோடதா இருக்க வேணாம். என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்," என்று முணுமுணுத்தாள்.

பழைய சாயத்தைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினாள். கணவரின் நீரில் மீதமிருந்ததில் ஒரு ஸ்லைடு, கன்னத்தை மறுபடி சுரண்டி இன்னொன்று. தனித்தனியாக முக்கினாள்.

அவருடையது சுத்தமாக இருந்தது. ஓரம் விடாமல் இரண்டு முறை பார்த்தாள்.

போன் அடித்தது. அவர்தான். "பாத்துட்டியாம்மா?"

"பாத்தாச்சுங்க. ஒண்ணுமில்ல."

"அப்பாடா. சொன்னா நம்பமாட்ட, இப்பதான் இருமலே நின்னுச்சு."

போனை வைத்துவிட்டுத் தன் ஸ்லைடைப் பார்த்தாள். கொத்து இருந்தது. எண்ணினாள். பத்து.

ஸ்பிரிட்டில் செத்து, சாயத்தில் ஊறிய செல்கள். அவை பெருகாது. கண் அசதி என்று சொல்லிக்கொண்டாள்.

மறுபடி எண்ணினாள். பதினொன்று.

விளக்கை அணைத்தாள். மின்விசிறி மட்டும் முனகியது. வாய் உலர்ந்திருந்தது. நாக்கு தானாகக் கன்னத்தின் உட்புறம் போயிற்று.

சுரண்டிய இடம். சின்னச் சின்ன மேடுகள். நெருக்கியடித்து.

பன்னிரண்டு.

நாக்கு பட்டதும், அவை மெல்ல உள்பக்கம் நகர்ந்தன.