நஞ்சம்மா வராத நாட்கள்

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்த திம்மராயன் கண் விழித்தார். மத்திகிரியின் அந்த வாடகை வீட்டு வரிசையில் காலை ஒன்பதுக்கு மேல் ஆம்பிளைகள் எல்லாரும் ஃபேக்டரிக்குப் போயிருப்பார்கள். குழாயடியில் குடங்கள் இடிபடுவதும், முக்கில் திரும்பும் டவுன் பஸ்ஸின் ஹாரனும், வெயில் ஏற ஏற மேலே சிமெண்ட் ஷீட் நெட்டி முறிப்பதும்தான் அவருக்குக் கடிகாரம். அதற்கு நடுவே முதலில் பூட்டு, அப்புறம் வளையல், அப்புறம் "முழிச்சிட்டியா மாமா?" என்று நஞ்சம்மாவின் குரல். தினமும் அதுதான் வரிசை.

ஆனால் இன்றைக்கு நஞ்சம்மா வரமாட்டாள். நேற்று மத்தியானம் தன் அண்ணன் செத்துவிட்டான் என்று சேதி வந்ததும், கஞ்சி ஊட்டிய கையோடு அஞ்செட்டிக்குக் கிளம்பிவிட்டாள். "ரெண்டு நாள்ல வந்துடறேன் மாமா. கங்கப்பன் வந்தா சொல்லிடு" என்று அழுதபடியே பூட்டிக்கொண்டு போனாள். அவருக்குப் பேச்சு வராது என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

வாதத்தில் வலது பக்கம் விழுந்து நாலு மாதம். மாட்டுப் பண்ணையில் முப்பது வருஷம் முரட்டுக் காளைகளை மூக்கணாங்கயிறு பிடித்து நடத்திய உடம்பு. முன்னெல்லாம் யாராவது படுத்துவிட்டால் கம்பவுண்டர் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே வருவார். இப்போது ஊரில் புதுசு புதுசாக நர்சிங் ஹோம்கள், கம்பவுண்டர்தான் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து, முதுகில் படுக்கைப் புண்ணோடு அனுப்பிவைத்தார்கள். "இனி வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க. ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போடுங்க." மகன் கங்கப்பன் வேலைக்குப் போகாமல் முடியாது. அதற்காக வைத்த ஆள்தான் நஞ்சம்மா; அவன் போனபின் தன் சாவியால் திறந்து வருவாள், அவன் திரும்புமுன் பூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

வளையல் சத்தம் தலைமாட்டுக்கு வந்தது. கூடவே ஈரச் சாக்கின் வாடை. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. குளிர்ந்த கைகள். நஞ்சம்மாவைவிடப் பக்குவமாக அவரைத் திருப்பி, வாசலைப் பார்க்கப் போட்டன.

வாசல் பூட்டியே இருந்தது. கதவிடுக்கில் வெயில் கோடாக நின்றது.

கழுத்தைத் திருப்ப முடியாது. முதுகுக்குப் பின்னால் நிற்பது யார் என்று பார்க்க வழியில்லை.

சாயங்காலம் கங்கப்பன் வந்து கஞ்சிச் சட்டியைப் பார்த்தான். காலியாக, கழுவிக் கவிழ்த்திருந்தது. "பரவால்லயே, முழுசா குடிச்சிருக்க" என்றான். அவர் இடது விரலால் கட்டில் சட்டத்தில் இரண்டு தடவை தட்டினார். ஒன்று என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. அப்பனும் மகனும் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

"இன்னும் பசிக்குதா நைனா?"

இரண்டு.

"வலிக்குதா?"

இரண்டு. இரண்டு. இரண்டு.

கங்கப்பன் களைத்திருந்தான். "என்னா வேணும்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது, சொல்லு" என்று பாயை விரித்தான்.

மூன்றாம் நாள் அதற்குப் பேச்சு வந்தது. "செத்த பொறுத்துக்கோ மாமா." நஞ்சம்மாவின் குரலேதான். ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே கனத்தில், மனப்பாடம் செய்ததுபோல. ஐந்தாம் நாள் கஞ்சி ஊட்டும்போது கையைப் பார்த்துவிட்டார். ஐந்து விரலும் ஒரே நீளம். மணிக்கட்டில் வளையலே இல்லை. கலகலவென்ற அந்தச் சத்தம் அவருடைய காதுக்குப் பக்கத்திலிருந்து, மூச்சோடு வந்தது.

அது வாயால் எழுப்புகிற சத்தம்.

புண் ஆறிக்கொண்டே வந்தது. கங்கப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பெத்த மக பாக்கற மாதிரி பாத்துக்கறா" என்று ஓவர்டைமும் செய்யத் தொடங்கினான்.

பத்தாம் நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. வலது காலில் கட்டோடு, கம்பை ஊன்றிக்கொண்டு நஞ்சம்மா நின்றாள்.

"மன்னிச்சுக்கோ கங்கப்பா. போன எடத்துல பாறை வழுக்கி விழுந்துட்டேன். அந்தக் காட்டுல பஸ் ஏது, சொல்லியனுப்ப ஆளேது. மாமாவ இத்தன நாளு யாரு பாத்தாங்க?"

கங்கப்பன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் கட்டைப் பார்த்தான், கம்பைப் பார்த்தான், பிறகு அப்பனைப் பார்த்தான். மெதுவாகக் கட்டிலருகே வந்து குந்தினான்.

"யாரு வந்தது நைனா?"

ஆமாம், இல்லை என்று தட்டக்கூடிய கேள்வியல்ல அது.

மறுநாள் கங்கப்பன் லீவு போட்டான். ராத்திரி பூராவும் தூங்காமல் உட்கார்ந்திருந்தவன், கட்டிலடி, பரண், அடுப்படி எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. நஞ்சம்மா வந்து அவரை அறைப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டாள். வெதுவெதுப்பான கைகள். திம்மராயனுக்குக் கண்ணில் நீர் வந்தது. மத்தியானம்வரை எதுவும் வரவில்லை.

"செத்த கண்ண மூடு கங்கப்பா. துணியக் கசக்கிட்டு வந்துடறேன்" என்று நஞ்சம்மா கம்பை ஊன்றி, வாளியோடு வெளியே போனாள். கங்கப்பன் பாயில் மல்லாந்தான். ஒரு நிமிஷத்தில் குறட்டை. வெளியே துவைக்கும் கல்லில் துணி அறையும் சத்தம், விட்டு விட்டு.

ஈரச் சாக்கு வாடை.

திம்மராயன் சட்டத்தைத் தட்டினார். குறட்டை நின்றது. மகன் எழவில்லை. தட்டினார். தட்டினார். நகம் கிழிந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து கைகள் நீண்டன. இரண்டு. முழங்கையைத் தாண்டியும் நீண்டன. அவரிடம் வரவில்லை. பாய்க்குப் போயின. கங்கப்பனின் தோளுக்கு அடியில் ஒன்று. இடுப்புக்கு அடியில் ஒன்று. பக்குவமாகத் திருப்பி, அப்பனைப் பார்க்கப் போட்டன.

கங்கப்பனின் கண்கள் திறந்தே இருந்தன. அவரையே பார்த்தன. அப்பனுக்குப் போலவே உதட்டின் வலது ஓரம் கீழே இழுத்துத் தொங்கியது. அதில் எச்சில் வழிந்தது. ஒரே நீளமுள்ள விரல்கள் அதை மெல்லத் துடைத்தன. மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தன.

வெளியே கல்லில் துணி அறைந்துகொண்டிருந்தது.