ஒரு குவளை மிச்சம்

அன்று காலையும் குளத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. வளர்ப்புக் குளம் என்றால் தினமும் ஒன்றிரண்டாவது மல்லாந்து மிதக்கும். எட்டு மாதமாக ஒன்றுகூட மிதக்கவில்லை என்பது பண்ணைக்காரருக்கு இப்போதுதான் உறைத்தது.

எட்டு மாதத்துக்கு முன்புதான் அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள். மீன் நோய் வராமல் வளர, தீனியில் கலக்கும் புரோபயாடிக் கரைசலை அவள்தான் ஊறவைப்பாள். பொடி, சர்க்கரை, தவிடு, வெந்நீர். முழங்கை வரை கையை விட்டுத்தான் கலக்குவாள். 'கை படக் கூடாது' என்று பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அவர் காட்டினால், "என் கையில இருக்கறதும் நல்ல கிருமிதான், போங்க" என்பாள். தீனி அரைக்கும் இயந்திரத்தில் பாதி சுண்டுவிரலைப் பறிகொடுத்த கை அது.

அவள் போனபின் கரைசல் ஊறும் டிரம்மை அவர் கழுவவே இல்லை. பழையதில் ஒரு குவளை மிச்சம் வைத்து, அதை ஊற்றியே புதியதை ஊறவைத்தார். அவள் கை பட்டது அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வீட்டில் அவருக்கு வேறு துணை இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் மனைவியின் தம்பி போன் செய்தான்.

"மாமா, அந்தப் பழைய டிரம்மைக் கொட்டச் சொன்னேனே, கொட்டினீங்களா இல்லையா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

"அக்கா இருந்திருந்தா எப்பவோ கழுவிக் கவுத்திருப்பா, மாமா."

அது சுருக்கென்று தைத்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, டிரம்மைக் கொட்ட எழுந்து கொட்டகைக்குப் போனார்.

கொட்டகைக்குள் தகரக் கூரையின் வெக்கையும் தவிட்டின் புளிப்பு வாடையும் மண்டியிருக்க, காற்றுப் பம்பின் ஓயாத முனகலுக்கு நடுவே, எட்டு மாதமாக எங்கேயும் வராத அவளுடைய பவுடர் மணம் மெல்ல எழுந்து அவர் மூக்கருகே நின்றது. பம்ப் நின்றது. மூடியைத் திறந்தார்.

நுரையில் ஒரு கைத்தடம். நான்கு விரல் முழுதாக. சுண்டுவிரல் பாதி.

ஓடியிருக்கலாம். ஓடி யாரிடம் போவது? தடத்தின் மேல் தன் கையை வைத்தார்.

உள்ளே வெதுவெதுப்பு. விரல்கள் வந்து கோத்துக்கொண்டன. ஒன்று குட்டை.

இழுத்துப் பார்த்தார். விடவில்லை.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

பிறகு அவரும் இழுக்கவில்லை.

வெளியே, கொட்டகைப் பக்கக் கரையோரம், குளத்து மீன் அத்தனையும் தலையை நீட்டி, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தீனி நேரம் ஆகியிருந்தது.